டெலிவரி மேனேஜரிலிருந்து கோச்: என் லிங்க்ட்இன் பக்கத்தின் மூன்றாண்டு அனுபவம்

2022-ஆம் ஆண்டின் நடுவில், சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், திட்டங்களை முடித்து வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் டெலிவரி மேனேஜராக இருந்த நான், 19 ஆண்டு வேலையை விட்டுவிட்டு கோச்சிங் தொழிலுக்கு வந்தேன். முதன்முறையாகக் குழுவை நடத்தும் பொறுப்புக்கு வருகிறவர்களோடு தனித்தனியாக அமர்ந்து உரையாடுவதே இப்போது என் வேலை. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் லிங்க்ட்இன் பக்கத்தை நான்கு முறை மாற்றி எழுதியிருக்கிறேன். எது பலன் தந்தது, எது வீணாயிற்று என்பதை, இதே மாற்றத்தை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் முறை செய்தது பெருந்தவறு. புதிய தொழிலுக்குப் பழையது பாரமாக இருக்கும் என்று நம்பி, 19 ஆண்டுப் பணிவரலாற்றை இரண்டே வரிகளாகச் சுருக்கி, தலைப்பு வரியில் ‘லைஃப் கோச்’ என்று மட்டும் போட்டு, மாற்றத்தை எல்லாத் தொடர்புகளுக்கும் அறிவிக்கும் பொத்தானையும் இயக்கிவிட்டேன். அந்த வாரம் ஆறு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒருவர்கூட கோச்சிங் பற்றிக் கேட்கவில்லை. என்னிடம் ஜூனியராக இருந்த பெண் தயங்கித் தயங்கிப் பேசினார்: “மேடம், எல்லாம் நல்லபடியா இருக்கா? எங்க கம்பெனியில ஒரு ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூமே அனுப்புறீங்களா?” எனக்கு வேலை போய்விட்டது என்றே அவர் முடிவு செய்திருந்தார். அந்த அன்பு என்னை நெகிழவைத்தது. கூடவே, என் பக்கம் எனக்காக என்ன பேசிக்கொண்டிருக்கிறது என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

இன்னொரு குழப்பம் ‘கோச்சிங்’ என்ற சொல்லிலேயே இருந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது நீட், ஜே.இ.இ., டி.என்.பி.எஸ்.சி. வகுப்புகள்தாம். ஒரு தாய் எனக்கு அனுப்பிய செய்தி இது: “பையன் பிளஸ் டூ. ஃபிசிக்ஸ் மட்டும் தனியா எடுப்பீங்களா?” அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில், எதற்கு நான் உதவுகிறேன் என்பதைச் சொல்லாமல் ஒரு பட்டத்தை மட்டும் தொங்கவிட்டிருந்தேன்.

ஆகவே இரண்டாம் முறை தலைப்பு வரியிலிருந்து தொடங்கினேன். அங்கே 220 எழுத்துகள் வரை இடம் உண்டு என்றாலும், தேடல் முடிவுகளிலும் நாம் இடும் கருத்துகளுக்கு மேலேயும் அதன் முற்பகுதி மட்டுமே கண்ணில் படும். ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால், ‘புதிதாக மேனேஜர் ஆனவர்களுக்கு முதல் ஓராண்டில் துணை நிற்கும் கோச், 19 ஆண்டு மென்பொருள் டெலிவரி அனுபவம்’ என்று வரும். சிறு திருத்தங்களைத் தவிர இன்றுவரை அந்த வரி மாறவில்லை.

அறிமுகப் பகுதிக்கு 2,600 எழுத்துகள். அதிலும் விரித்துப் பார்க்கும் பொத்தானை அழுத்தும்வரை முதல் சில வரிகளே தெரியும். அந்த விலைமதிப்புள்ள வரிகளில் நான் என் சிறுவயதுக் கனவைப் பற்றி எழுதியிருந்தேன். அதை நீக்கிவிட்டு, நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்ட நண்பருக்கு இன்று அப்ரைசல் எனும் பணி மதிப்பீட்டில் மதிப்பெண் போட வேண்டிய ஒரு புதிய மேனேஜரின் திங்கட்கிழமைக் காலையை நான்கு வரிகளில் எழுதினேன். முன்பின் அறியாத ஒருவர், ‘இது என் கதை’ என்று முதல் செய்தியிலேயே எழுதியது அதன் பிறகுதான்.

அதிக நேரம் எடுத்ததும், அதிகப் பலன் தந்ததும் பணி அனுபவப் பகுதி. நீக்கியவற்றையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். முன்பு அங்கே குழுவின் அளவு, திட்டத்தின் மதிப்பு, குறித்த காலத்தில் ஒப்படைத்த விவரம் ஆகியவை மட்டும் இருந்தன. அவற்றில் ஒரு வரியை வைத்துக்கொண்டு, அதே ஆண்டுகளில் என் குழுவிலிருந்து முதன்முறையாகத் தலைமைப் பொறுப்புக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், அவர்களோடு வாரந்தோறும் அரை மணி நேரம் தனியே பேசிய வழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை எழுதினேன். இவை எல்லாம் நடந்தவை. பழைய வேலைக்குத் தேவைப்படாததால் எழுதப்படாமல் இருந்தவை. ஆனால் கடந்தகாலப் பதவியின் பெயரையே ‘லீடர்ஷிப் கோச்’ என்று மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைச் சிலரிடம் காண்கிறேன். அது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. நிறுவனம் கொடுத்த பதவிப் பெயர் அப்படியே இருக்க வேண்டும்; அதன் கீழே எழுதும் விளக்கத்தில்தான் நமக்குச் சுதந்திரம்.

தகுதியைக் குறிப்பிடுவதிலும் ஒரு பாடம் கற்றேன். இந்தியாவில் கோச் என்று சொல்லிக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், நாம் எழுதுவது துல்லியமாக இருக்க வேண்டிய பொறுப்பு கூடுகிறது. பயிற்சி வகுப்பை முடித்தவுடன் ‘சான்றிதழ் பெற்ற கோச்’ என்று போட்டிருந்தேன். இத்துறையில் மூத்தவர் ஒருவர் தனியாக அழைத்து, வகுப்பு முடிப்பது வேறு, தகுதிச் சான்று பெறுவது வேறு என்று விளக்கினார். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியோடு, குறைந்தது 100 மணி நேரம் வாடிக்கையாளர்களுடன் அமர்ந்திருக்க வேண்டும். அதில் 75 மணி நேரம் கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும். அதற்கு மேல், தேர்ந்த கோச் ஒருவரின் வழிகாட்டலான மென்டர் கோச்சிங்கும் தேர்வும் உண்டு. அன்றே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘பயிற்சி முடிந்தது, சான்றுக்கான மணிநேரங்கள் நடந்துகொண்டிருக்கின்றன’ என்று எழுதினேன். அதைப் பார்த்து யாரும் விலகவில்லை. மனச்சோர்வால் தூக்கமின்றித் தவித்த ஒருவர் என்னை அணுகிய பிறகு, கோச்சிங் மனநல சிகிச்சைக்கு மாற்று ஆகாது என்ற வரியையும் அறிமுகப் பகுதியில் சேர்த்தேன். அந்த வரி எல்லா கோச்சுகளின் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பரிந்துரைகள் பகுதியில் எனக்கிருந்த தயக்கம் வேறு வகையானது. என்னிடம் வந்து பேசுபவர்களின் பெயரைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்னும்போது, அவர்களையே பொதுவெளியில் எழுதச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே பழைய குழுவினர் ஐந்து பேரிடம், நான் எப்படி வேலை வாங்கினேன் என்பதை விட்டு, எப்படிப் பேசினேன் என்பதைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டேன். ஒருவர் எழுதினார்: “அப்ரைசலில் என் குறைகளைச் சொல்ல உட்கார்ந்த அன்றும், முதலில் என்னைத்தான் பேச விட்டார்.” என் பக்கத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திறன்கள் பட்டியலில் டெலிவரி தொடர்பானவை மேலே இருந்தவரை, ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் பழைய வேலைகளையே எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. வரிசையை மாற்றிய சில மாதங்களில் அது வெகுவாகக் குறைந்தது. பிரீமியம் சந்தாவை ஆறு மாதம் வைத்திருந்து நிறுத்திவிட்டேன். என் தேவைக்கு அது அவசியப்படவில்லை. சேவைகள் பகுதி வழியாக வந்த விசாரிப்புகள் பெரும்பாலும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதோடு நின்றுவிட்டன. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய சகாக்கள் அல்லது அவர்கள் அனுப்பியவர்கள். அவர்கள் அழைப்பதற்கு முன் என் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தார்கள். அதனால் முதல் சந்திப்பில் நான் விளக்க வேண்டியது குறைந்தது.

நான்காம் மாற்றம் சென்ற ஆண்டு செய்தது: அறிமுகப் பகுதியின் இறுதியில் தமிழில் ஒரு பத்தி. உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே கணக்கில் சேர்வதால் தமிழுக்கு இடம் விரைவாகத் தீர்ந்துபோகிறது. ஆறு வரிகளுக்காக ஆங்கிலப் பகுதியில் ஒரு பத்தியையே வெட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக உயர்ந்த ஒருவரிடமிருந்து செய்தி வந்தது, அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்: “கீழ இருக்குற தமிழைப் பார்த்துதான் எழுதுறேன் மேடம். முழுக்கத் தமிழ்லயே பேசலாமா?” பேசலாம் என்று பதில் அனுப்பினேன். எட்டு அமர்வுகள் முடிந்திருக்கின்றன. அடுத்த திருத்தத்தில் அந்தப் பத்தியை மேலே கொண்டுவரப் போகிறேன்.