பழைய டீசல் பிக்கப்பில் ஆக்சிலரேட்டர் இறுகிவிட்டதா? சுங்கை சிப்புட்டில் நான் போன பட்டறை

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கால் வலிக்கிறது, காலை எடுத்தாலும் பெடல் மெதுவாகத்தான் மேலே வருகிறது என்றால், அதை ஒழுங்காகப் பார்த்துத் தரும் பட்டறை ஒன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறது, லிந்தாங் போகிற சாலையில். பேரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார். அவரும் ஒரு பையனும் மட்டும்தான் வேலை செய்கிறார்கள், கூட்டம் சேர்ந்தால் அவர்களால் சமாளிக்க முடியாது. டவுனில் பழைய லோரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

என் வண்டி 1995 ஹைலக்ஸ், 2.8 லிட்டர் 3எல் டீசல் எஞ்சின். செம்பனைக் குலை ஏற்றுவேன், உரம் ஏற்றுவேன், திருவிழா வந்தால் கோயில் பந்தல் சாமானும் அதில்தான் போகும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. நானே ஓட்டிக்கொண்டிருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன், ஆனால் என் மகன் இப்போதுதான் பி லைசன்ஸ் (புது ஓட்டுநர்களுக்கான லைசன்ஸ்) எடுத்து இதை ஓட்ட ஆரம்பித்திருக்கிறான். ஈப்போ போகிற பழைய சாலையில் லோரிகளுக்கு நடுவில் அவன் காலுக்கடியில் இந்தப் பெடல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற நினைப்பே போதும், அதற்குமேல் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் டவுனில் வேறொரு பட்டறைக்குத்தான் போனேன். பானெட்டைத் திறந்தார்கள், டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தார்கள், பெடலிலிருந்து டீசல் பம்ப்புக்குப் போகும் கேபிளின் வாயில் கிரீஸைத் தடவினார்கள். சில நாள் லேசாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். திரும்பிப் போனபோது டீசல் பம்ப்பையே கழற்றி ஓவர்ஹால் பண்ண வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை, எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

லிந்தாங் சாலைப் பட்டறை அண்ணன் முன்பு தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பார்த்த ஃபோர்மன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார். காலையில் இறுக்கமா, எஞ்சின் சூடான பிறகா? மழை பெய்த மறுநாள் அதிகமாகிறதா? காலை எடுத்தால் எஞ்சின் சத்தம் உடனே இறங்குகிறதா, இழுத்துக்கொண்டு இறங்குகிறதா? அதற்குப் பிறகு அவர் செய்தது வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கக்கூடியது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, பம்ப் பக்கம் கேபிளின் முனையை, அது இழுக்கும் லிவரிலிருந்து கழற்றினார். லிவரைக் கையால் தள்ளி விட்டார். ஸ்பிரிங் அதைச் சட்டென்று திரும்ப இழுத்தது, தடையே இல்லை. "தம்பி, பம்ப்புல ஒன்னுமில்ல, அத யாரையும் தொட விடாதீங்க" என்றார். பிறகு உள்ளே பெடலின் மேல்முனையிலும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பெடலை மட்டும் ஆட்டினார், அது கொஞ்சம் உராய்ந்தது. கடைசியாக இரண்டு பக்கமும் கழன்று கிடந்த கேபிளின் உள்கம்பியைப் பிடித்து இழுத்தார், பாதியில் நின்றுவிட்டது. பெடல், கேபிள், லிவர் மூன்றையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேபிளைக் கழற்றி மேசைமேல் போட்டுக் காட்டினார். எஞ்சின் அறையில் அது வளைந்து திரும்புகிற இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி உள்கம்பியில் துரு பிடித்து, சில இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன. மிதிக்கும்போதெல்லாம் அந்த அறுந்த இழைகள்தான் உள்குழாயைப் பிறாண்டியிருக்கின்றன. ஒருநாள் அவை குத்தி மாட்டிக்கொண்டால், பெடல் மிதித்த இடத்திலேயே நின்றுவிடும். கிரீஸ் ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரிக் கேபிள்களில் உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும், கெட்டி கிரீஸைத் திணித்தால் தோட்டத்துச் செம்மண் தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். இழை அறுந்த கேபிளுக்கு எந்த எண்ணெயும் மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

பெடல் உராய்ந்ததற்குக் காரணம் அது ஆடுகிற அச்சிலும் புஷ்ஷிலும் காய்ந்திருந்த சேறு. கழற்றிச் சுத்தம் பண்ணிக் கொஞ்சம் கிரீஸ் போட்டார், அந்த இடத்தில் கிரீஸ் போடலாம். எஞ்சின் வேகத்தைக் கையால் கூட்டி வைக்க டேஷ்போர்டில் இருக்கும் கைத் திராட்டில் குமிழையும் இழுத்துப் பார்த்தார். பழைய ஹைலக்ஸில் அதற்கென்று இன்னொரு கேபிள் போகிறது, அது பாதியில் சிக்கி நின்றாலும் ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், இறங்காது. பல பட்டறைகளில் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எஞ்சின் மவுண்ட்டையும் பார்த்தார், ரப்பர் அமுங்கிப்போனால் எஞ்சின் சாய்ந்து கேபிளை இழுக்குமாம். என்னுடையது இன்னும் ஓடும் என்றார். மாற்றச் சொல்லிக் காசு பார்த்திருக்கலாம், அவர் சொல்லவில்லை.

ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) பழைய கேபிள் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார், உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. புதியதை அவரே ஈப்போவிலிருந்து வரவழைத்தார், அதற்கு நான் மறுநாள் வரை காத்திருந்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளத்தையும் முனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாட்டினார். வளைவு இறுக்கமாக விழாமலும் சூடான பாகம் எதிலும் படாமலும் பழைய கிளிப்புகளிலேயே கொண்டுபோனார். பிறகு அட்ஜஸ்டிங் நட்டைத் திருகி, பெடலை விட்டிருக்கும்போது கேபிளில் துளி தளர்வு இருக்கும்படி வைத்தார். அதிகமாக இழுத்து வைத்தால் ஐட்லிங் ஏறும், அதிகம் தளர்ந்தால் முழுசாக மிதித்தாலும் லிவர் கடைசிவரை போகாது. பட்டறைப் பையனை உள்ளே உட்காரவைத்துத் தரைவரை மிதிக்கச் சொல்லி, லிவர் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தார். தரைப்பாயைக்கூட நகர்த்திப் பெடலில் இடிக்கிறதா என்று பார்த்தார்.

கேபிள் 70 வெள்ளி (ரிங்கிட்), கூலி 50. பழைய கேபிளைக் கையில் கொடுத்துவிட்டார்.

வண்டி இப்போது சொன்னபடி கேட்கிறது. டீசல் பம்ப்பின் ஸ்பிரிங் பலமானது என்பதால் புதுக் காரின் லேசு வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் காலை எடுத்ததும் பெடல் உடனே மேலே வருகிறது, மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் மெதுவாகப் போக முடிகிறது. இறுகிய பெடலை வைத்துக்கொண்டு அதைச் செய்யவே முடியாது, அழுத்தி அழுத்திக் கடைசியில் வண்டி குதித்துப் பாயும், டீசலும் வீணாகும். 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆன பிறகு அப்படி வீணாக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

மகனுக்குப் பட்டறை அண்ணன் நின்று சொல்லிக்கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன். ஓடும்போது பெடல் மாட்டிக்கொண்டால் கிளட்சை மிதி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளு, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்து, ஓரம் கட்டி நின்ற பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணை. எஞ்சின் கத்தினால் கத்தட்டும். ஓடும்போதே சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அவனை வண்டியில் உட்காரவைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அதற்குக் காசு வாங்கவில்லை.

குறையும் உண்டு. போன் அடித்தால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். உட்கார நிழல் இல்லை, மத்தியான வெயிலில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ரொக்கம் மட்டும்தான் வாங்குகிறார், ரசீது கேட்டால்தான் எழுதுவார். முன்னால் இரண்டு வண்டி நின்றால் உங்கள் வண்டி அன்றைக்கு முடியாது. புது மாடல் வண்டிகளில் கேபிளே கிடையாது, பெடலில் சென்சார்தான், அதைப் பார்க்கும் கருவி அவரிடம் இல்லை, அதை அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார். கேபிள் போட்ட பழைய ஹைலக்ஸ் மாதிரி வண்டி என்றால் காலை எட்டரைக்கு முன்னால் போய் நில்லுங்கள், பழைய கேபிளின் அளவைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே ஆர்டர் போட்டுவிடுவார்.