திறக்காத முதலை வாய்க்கு 1,499 ரூபாய்

சற்று முன்புதான் புத்தகம் விற்றவர்கள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

மகளுக்கு ஒன்றரை வயது. எந்தப் புத்தகம் கொடுத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகும். அதனால் தடித்த அட்டையில், முனை மழுக்கிய விலங்குப் படப் புத்தகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் ஒரு வீடியோ வந்தது. கண்ணாடி போட்ட யானை, குளியல் தொட்டியில் சிக்கிய நீர்யானை. முதலையின் வாயில் ஒட்டியிருக்கும் மடிப்பைத் தூக்கினால், உள்ளே ஒரு குருவி அதற்குப் பல் துலக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கித் தூக்கி ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. நான்கு புத்தகங்கள், 1,499 ரூபாய். அதிகம்தான்.

நான் விழுந்தது வேறு இடத்தில். 'அக்கா, பாப்பா பெயர் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறோம், இலவசம்' என்றார்கள். உருகிவிட்டேன். பெயர் அச்சிடுவதால் முழுப் பணமும் முன்பே வேண்டும் என்றது கூட நியாயமாகவே பட்டது. யுபிஐயில் அனுப்பிவிட்டு நன்றி வேறு சொன்னேன்!

பதினோராம் நாள் பார்சல் வந்தது. உள்ளே ஒரே ஒரு புத்தகம். வார இதழ்த் தாள், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். மடிப்பா? மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பின் படத்தை அச்சடித்திருக்கிறார்கள், நிழலோடு! என் மகள் முதலையின் வாயை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பிடுங்குவதற்குள் ஒரு மூலையைச் சப்பிவிட்டாள். உதடெல்லாம் பச்சை மை. ஒரு பின் ஏற்கெனவே கழன்று நீட்டிக்கொண்டிருந்தது. யாழினி என்ற பெயரையாவது ஒழுங்காகப் போட்டார்களா? 'யாழிணி'.

அன்றே கேட்டேன். 'பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா அக்கா?' மறுநாள், 'பெயர் அச்சிட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்.' எந்தப் பெயரைக் கேட்டுப் பணம் வாங்கினார்களோ, அதே பெயர். மூன்றாம் நாள் அக்கா மேடம் ஆனாள். இன்று ஒரு க்யூஆர் குறியீடு வந்தது. ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் 1,499 ரூபாயும் திரும்பிவிடுமாம். நல்லவேளை, தம்பி பக்கத்தில் இருந்தான். பணம் வாங்க ரகசிய எண் எதற்கு என்று போனைப் பிடுங்கிக்கொண்டான். அதைக் கேட்டு நான் பதில் எழுதியதும் பிளாக்.

1,499 ரூபாய்! புத்தகக் காட்சியில் நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் ஒரு பை நிறைய அள்ளியிருக்கலாம். அங்கேயும் மெல்லிய தாள்தான், ஆனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. விற்பவரின் முகவரி, குறைதீர்க்கும் அலுவலர் பெயர் இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். இணையத்தில் கடை நடத்துபவர்கள் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. பின்அட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணைக் கேளுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நான் நான்கு நாள் கெஞ்சிவிட்டு இப்போதுதான் அழைத்தேன். நுகர்வோர் புகாருக்கு 1915, அதிலும் பதிந்தாயிற்று.

புத்தகம் சான்றுக்கு வேண்டும் என்று பரணில் போட்டிருக்கிறேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, 'முத, முத' என்று கை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.