"100 வாட்" மடக்கு சோலார் பேனல்: பணம் கட்டுவதற்கு முன் அளவைக் கேளுங்கள்

கையோடு எடுத்துப்போகும் மடக்கு சோலார் பேனல் வாங்குகிற யோசனை இருந்தால், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் சித்தப்பா செம்மறிக் கிடை போடும் கீதாரி, அதாவது ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய் மேய்ப்பவர். வயலுக்கு எரு கிடைக்க ராத்திரியில் ஆடுகளை அங்கே அடைத்து வைப்பதுதான் கிடை, அதற்கு வயல்காரர் காசு கொடுப்பார். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு மன்னார்குடி பக்கம் போய்விடுவார். வயல்தான் வீடு, கரண்ட் கிடையாது. எந்த வயலில் கிடை என்று பேசி முடிப்பதெல்லாம் போனில்தான். ராத்திரிக் காவலுக்கு டார்ச் வேண்டும். அவருக்காக ஆன்லைன் விளம்பரத்தில் வந்த "100 வாட்" பேனலை 3,000 ரூபாய்க்கு வரவழைத்தேன். பணத்தைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கவே விட்டார்கள்.

"சிவப்பு லைட்டு எரியுதுப்பா, போனுதான் ஏறமாட்டேங்குது" என்றார் சித்தப்பா. போய்ப் பார்த்தேன். மாசி மாத உச்சி வெயில், துளி மேகம் இல்லை. யூஎஸ்பி மீட்டரைச் செருகினால் 5 வோல்ட், 0.8 ஆம்பியர். அதாவது வெறும் 4 வாட். போன் அணைந்து கிடந்த நேரத்தில் கூப்பிட்டுப் பார்த்த வயல்காரர் ஒருவர், கிடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருமானம் போனது போனதுதான்.

டேப் வைத்து அளந்தேன். இரண்டு மடிப்பையும் விரித்தாலும் செல் இருக்கும் பரப்பு 40 செ.மீ.க்கு 25 செ.மீ.தான். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1,000 வாட். இந்தப் பேனல் மேல் விழும் மொத்த வெயிலே 100 வாட்தான்! அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலே நல்ல செல். உண்மையான 100 வாட் பேனல் கிட்டத்தட்ட அரை சதுர மீட்டர் இருக்கும். விரித்தால் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். விளம்பரத்தில் அளவு எங்கேயும் இல்லை.

லேபிளையும் பாருங்கள். வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்க வேண்டும், பெருக்கினால் வாட் வர வேண்டும்: 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்றால் 99. எங்களுடையதில் "100W" மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தது. வெளியே வருவது 5 வோல்ட், 2 ஆம்பியர் யூஎஸ்பி ஒன்றுதான் என்றால், பேனல் எவ்வளவு பெரிதானாலும் 10 வாட்டுக்கு மேல் தராது. முதுகில் குட்டிப் பேனல் ஒட்டிய பவர் பேங்க் இன்னும் மோசம். வெயிலை மட்டும் நம்பினால் அது முழுதாகச் சார்ஜ் ஏறப் பல நாள் ஆகும்.

விற்றவர்களுக்குப் போன் போட்டால் முதலில் "வெயில் பத்தலை சார்" என்றார்கள். மாசி வெயிலில்! அப்புறம் கேபிளை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் "சீல் உடைச்சுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது". இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், மீட்டர் காட்டிய எண்ணின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரிப் பேனலில் பணத்தை விட்டவர்கள் நீங்களும் 1915-ல் பதியுங்கள், அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.