பிராண்ட் வேலைக்கு எம்பிஏ: பேராதனையா, கொழும்பா, அகமதாபாத்தா?

டிகிரி முடித்துவிட்டு ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் ரெப் (விற்பனைப் பிரதிநிதி) வேலை பார்க்கிற பிள்ளைகளில் சிலருக்கு, ஒரு பொருளின் பேரையும் விளம்பரத்தையும் பார்த்துக்கொள்ளும் பிராண்ட் மேனேஜர் ஆகும் ஆசை இருக்கிறது. எங்கே எம்பிஏ படிப்பது என்பதில்தான் குழப்பம்.

இந்தியாவில் பெரிய நுகர்பொருள் கம்பனிகள் எம்பிஏ கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கின்றன. இங்கே இலங்கையில் பெரும்பாலும் டிகிரியோடு டிரெய்னியாகவோ விற்பனைப் பக்கமாகவோ உள்ளே போய்விட்டு, அப்புறம் வார இறுதியில் எம்பிஏ படிக்கிறார்கள். அதனால் வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லும் எதையும் இரண்டு முறை யோசியுங்கள்.

பேராதனையில் 1975இல் தொடங்கிய விவசாய பட்டப்பின்படிப்பு நிறுவகம் எம்பிஏ நடத்துகிறது. மலையகத்துக்காரருக்குப் பக்கம், போக்குவரத்துச் செலவு குறைவு. தேயிலை பிராண்டில் வேலை செய்ய ஆசைப்படுபவர் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். தேயிலையை மொத்தமாக அனுப்புவதும் பெட்டியில் பேர் போட்டு விற்பதும் வேறு வேறு தொழில். மெரில் பெர்னாண்டோ தன் பிள்ளைகள் டில்ஹான், மாலிக் இருவரின் பேரையும் சேர்த்துத் தன் தேயிலைக்கு ‘டில்மா’ என்று வைத்தார். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையோ, முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து இங்கேயே பைக்கட் செய்யப்பட்டால்தான் கிடைக்கும். நம் மலையில் விளைவதை வைத்தே இவ்வளவு பாடம் இருக்கிறது. ஆனால் சவர்க்காரம், பால்மா, பிஸ்கட் என்று போக நினைப்பவருக்கு பேராதனை என் முதல் தெரிவு கிடையாது.

அவர்களுக்குக் கொழும்புதான். பொரளையில் இருக்கும் பிஐஎம் (முகாமைத்துவ பட்டப்பின்படிப்பு நிறுவகம்) 1986இல் உருவானது, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங்குக்கென்றே தனி எம்பிஏ உண்டு. இரண்டிலும் நீங்கள் கட்டும் காசில் பாதி, பக்கத்துக் கதிரையில் உட்காருபவருக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் டீமில் இடம் காலியானால் அவர்தான் முதலில் சொல்வார். கஷ்டம் பயணத்தில். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வாராவாரம் இறங்கி ஏறி, திங்கள் காலை கடை கடையாக ரூட்டுக்குப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. முடிந்தால் முதலில் கொழும்புக்கு மாற்றல் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் அகமதாபாத்தில் இருக்கும் மைக்கா கல்லூரி விளம்பரம், பிராண்ட் இரண்டுக்கும் பேர் போன இடம். 1991இல் தொடங்கியது. எம்பிஏக்கு நிகரான டிப்ளோமாவை இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், சம்பளமும் நின்றுவிடும். முடித்தபின் இந்தியாவிலேயே வேலை பார்க்கத் தனி விசாவும் தேவை. வீட்டில் பணம் இருந்தால் சரி. கடன் வாங்கிப் போகச் சொல்ல மாட்டேன்.

எம்பிஏ அல்லாத வழியும் இருக்கிறது. 1970இல் தொடங்கிய ஸ்லிம் (இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம்), பிரிட்டனின் சிஐஎம் (பட்டய சந்தைப்படுத்தல் நிறுவகம்) இரண்டின் மார்க்கெட்டிங் படிப்புகளையும் படிப்படியாக, வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். ரெப்பாக இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எம்பிஏ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரெப் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். சம்பளம் போட்ட வாரம் மஸ்கெலியா டவுன் கடையில் நின்று பாருங்கள், பெரிய பைக்கட்டாகப் போகும். மாசக் கடைசியில் அதே தோட்டத்து அக்கா சின்ன சாஷே கேட்பார். பேர் சொல்ல மாட்டார், ‘அந்த நீலப் பைக்கட்’ என்பார். பைக்கட்டின் நிறத்தை மாற்றலாமா என்று கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நேர்முகத்தில் சொல்லுங்கள், எடுபடும்.

விண்ணப்பம் போடுமுன் அங்கே இப்போது படிக்கும் ஒருவரைப் பிடித்து, வகுப்பில் எத்தனை பேர் நுகர்பொருள் கம்பனிக்காரர்கள் என்று கேளுங்கள். ‘பேங்க்காரர்கள்தான் கூட’ என்று பதில் வந்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.