ஒரே ஓட்டத்தில் பொறிப்பும் வெட்டும்: மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் என் லேசர் இயந்திரம்

சென்ற மாதம் என் 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரின், கதிரை உண்டாக்கும் கண்ணாடி டியூபை மாற்ற நேர்ந்தது. அதைப் பொருத்த வந்த தொழில்நுட்பர் வேலையை முடித்துவிட்டுப் பின்கதவை மூடப் போனவர் சற்று நின்று, "ஏர் பம்பை ஏன் நேரடியாகக் கரண்டில் கொடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். லேசர் படும் இடத்தில் காற்றை ஊதும் பம்பு அது. மூன்றரை ஆண்டுகளாக நான் பட்ட அவதியின் காரணம் அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. அதே வாரத்தில் திருப்பூர் நண்பர் ஒருவர், இதே மாடலை வாங்கலாமா, பலகையில் பெயரைப் பொறித்து அதே ஓட்டத்திலேயே வடிவத்தையும் வெட்டி எடுக்க முடியுமா என்று விசாரித்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

என் வேலையில் பெரும்பகுதி திருமணத் தாம்பூலப் பையில் போட்டுத் தரும் மர கீ செயின்களும் வீட்டுப் பெயர்ப்பலகைகளும்தான். இரண்டிலுமே பொறிப்பும் வெட்டும் சேர்ந்தே வரும். நான் பயன்படுத்தும் லைட்பர்ன் மென்பொருளில் ஒவ்வொரு நிறமும் ஒரு லேயர்; ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனி வேகம், பவர், எத்தனை முறை ஓட வேண்டும் என்ற கணக்கு. 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டுக்கு என் அமைப்பு இதுதான்: பெயருக்குக் கறுப்பு லேயர், நிரப்பும் முறையில் (எழுத்தின் உட்பகுதியை நெருக்கமான கோடுகளால் எரித்து நிரப்புவது), விநாடிக்கு 300 மி.மீ. வேகம், 20 சதவீத பவர், கோடுகளுக்கிடையே 0.1 மி.மீ. இடைவெளி. ஓரத்துப் பூவேலைக்கு நீல லேயர், ஆழமில்லாத மெல்லிய கோடு. வளையம் மாட்டும் துளைக்குப் பச்சை, வெளி விளிம்புக்குச் சிவப்பு. இவை இரண்டும் வெட்டு, விநாடிக்கு 15 மி.மீ., 60 சதவீதம். பழைய டியூபுக்குப் பொருந்திய எண்கள் இவை. புதிய டியூபில் இதே 60 சதவீதத்தைக் கொடுத்தால் விளிம்பு கருகுகிறது என்பதால், சேமித்து வைத்திருந்த அளவுகள் அனைத்தையும், வெவ்வேறு வேகத்திலும் பவரிலும் சிறு கட்டங்களை ஓட்டிப் பார்த்து மறுபடி குறிக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் துண்டு, பலகையைத் தாங்கும் தேன்கூடு போன்ற கண்ணறை மேசையின் மேல் தளர்ந்துவிடும். ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழும்பும். அதன் பிறகு பொறிக்கும் பெயர் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். வெட்டும்போது பிளைவுட் தன் உள்ளிறுக்கத்தை விடுவித்துக்கொண்டு வளையவும் செய்யும். ஆகவே பொறிப்பு முதலில், பின் மெல்லிய கோடு, பின் உள்துளை, கடைசியில் வெளி விளிம்பு. லேயர் பட்டியலில் மேலிருந்து கீழாக இப்படி அடுக்கி, வெட்டு வரிசை அமைப்பில் லேயர் வரிசைக்கு முதலிடம் கொடுத்துவிட்டால், நாற்பது கீ செயின்கள் கொண்ட ஒரு பலகையில் நாற்பது பெயர்களும் முடிந்த பிறகே முதல் வெட்டு விழும். பலகையை நகர்த்தாமல் ஒரே அமர்வில் இரண்டும் நடப்பதால் பெயருக்கும் விளிம்புக்கும் இடையிலான தூரம் முதல் துண்டிலும் நாற்பதாவது துண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. கையால் அளந்து பொருத்தி இதை எட்டவே முடியாது. இந்த ஒரு நன்மைக்காகவே நான் இத்தனை காலம் இந்த இயந்திரத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

லேயரைத் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஒரு பெயர்ப்பலகைக்கு வெளி விளிம்பையும் பெயரையும் ஒரே கறுப்பு லேயரில் விட்டுவிட்டேன். நிரப்பும் முறை, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வடிவங்களில் வெளியே உள்ளதை எரித்து உள்ளே உள்ளதை விட்டுவிடும். பலகை முழுவதும் எரிந்து எழுத்துகள் மட்டும் எரியாத மரமாக நின்றன. தமிழ் எழுத்தில் இதே சிக்கல் இன்னும் நுட்பமாக வரும். சில எழுத்துருக்களில் 'கி', 'லி' போன்றவற்றின் மேல்விலங்கு (இகரக் குறி) தனி வடிவமாக எழுத்தின் மீது ஏறி அமர்ந்திருக்கும். அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் எரியாமல் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். வடிவங்களை வெல்டு செய்து ஒன்றாக்கிய பிறகே பொறிக்க அனுப்ப வேண்டும். முன்னோட்டத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தையும் பார்க்காமல் நான் இப்போது எந்தக் கோப்பையும் ஓட்டுவதில்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். பொறிப்பும் வெட்டும் காற்றை எதிரெதிராகக் கேட்கின்றன. வெட்டும்போது, கதிரைப் பாய்ச்சியபடி நகரும் லேசர் தலையின் நுனியிலிருந்து வலுவான காற்று வர வேண்டும். அதுதான் பிளவிலிருந்து புகையை வெளியேற்றி, சுடர் எழாமல் அடக்கி, லென்ஸையும் காக்கிறது. பொறிக்கும்போது அதே வலுவான காற்று, மரப்பிசின் கலந்த புகையைப் பலகையின் மீதே அழுத்திப் படியவைக்கிறது. எழுத்தைச் சுற்றி டீக்கறை போன்ற பழுப்பு வளையம் விழும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மெல்லிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். ஆகவே பொறிப்புக்கு லென்ஸில் புகை ஏறாத அளவுக்கு மெல்லிய காற்று, வெட்டுக்கு முழுக் காற்று. மென்பொருளில் ஒவ்வொரு லேயருக்கும் காற்றுக்கென ஒரு பொத்தான் இருப்பது இதற்காகத்தான். என் இயந்திரத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒன்றுமே நடக்காது. நேரடியாகக் கரண்டில் கொடுத்திருந்ததால் பம்பு எப்போதும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பலகையின் மேல் மாஸ்கிங் டேப் (எளிதில் உரியும் காகித டேப்) ஒட்டி, அதன் மீதே பொறித்துப் பார்த்தேன். கறை நின்றது, ஆனால் புதிய வேலை ஒன்று முளைத்தது. 'ண', 'ஞ', 'ன' ஆகியவற்றின் சுழிகளுக்குள் அரிசிக் குருணை அளவுக்கு டேப் துணுக்குகள் தங்கிவிடும். 8 மி.மீ. உயர எழுத்தில் அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். முந்நூறு கீ செயின் ஆர்டர் ஒன்றுக்கு நானும் என் மனைவியும் இரண்டு இரவுகள் இதற்கென்றே உட்கார்ந்தோம்.

பிறகு காற்றுக் குழாயில் ஒரு கைவால்வு மாட்டினேன். பொறிப்பு ஓடும்வரை பாதிக்கு மேல் மூடி வைத்து, வெட்டு தொடங்கும் கணத்தில் திறந்துவிட வேண்டும். அதாவது, ஒரே ஓட்டத்தில் எல்லாம் முடியும் என்று வாங்கிய இயந்திரத்தின் அருகே நாற்பது நிமிடங்கள் காத்து நிற்க வேண்டும். ஒரு முறை வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம் பேசப் போய்த் தாமதித்துவிட்டேன். திரும்பியபோது வெட்டுக் கோட்டின் மேல் சிறு சுடர் லேசர் தலையோடு சேர்ந்தே நகர்ந்துகொண்டிருந்தது. அவசர நிறுத்தத்தை அழுத்தினேன். இருபத்து நான்கு துண்டுகள் விளிம்பு கருகிப் போயின. ஓடும் லேசரை விட்டு நகர்ந்தது என் தவறுதான். ஆனால் வால்வைத் திறப்பதற்கென்றே ஓர் ஆள் காத்திருக்கும்படி அந்த வேலையை ஆக்கியது என் தவறன்று.

அந்த நிகழ்வுக்குப் பின், வெட்டு லேயர்களை அணைத்துவிட்டுப் பொறிப்பை மட்டும் ஓட்டி, காற்றைத் திறந்து, பிறகு வெட்டை மட்டும் ஓட்டினேன். முதல் முயற்சியில் எல்லாப் பெயர்களும் ஓரத்தை நோக்கி 4 மி.மீ. தள்ளி நின்றன. தலை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குமாறு அமைத்திருந்தால், அனுப்பப்படும் வடிவங்களின் எல்லையை வைத்தே தொடக்கப் புள்ளி கணக்கிடப்படுகிறது. வெட்டு விளிம்பை அணைத்தவுடன் அந்த எல்லை சுருங்கிவிடுகிறது. மேசையின் நிலையான ஆயத்தொலைவுகளுக்கு மாறிய பின் இது சரியாயிற்று. மின்தடையால் பாதியில் நின்ற வேலையை மீட்கவும் இந்த அமைப்பு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. இருந்தும், இரண்டு ஓட்டங்களாகப் பிரித்த பின் லேயரின் பயனில் பாதி போய்விட்டதே என்ற வருத்தம் ஒவ்வொரு ஆர்டரிலும் இருந்தது.

இப்போது அந்தத் தொழில்நுட்பர் செய்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையில் காற்றுக்கென்றே ஓர் இணைப்பு முனை தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. அதில் எந்தக் கம்பியும் இணைக்கப்படவில்லை. அவர் ஒரு ரிலேயும் (கட்டளை வந்தால் மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) சோலனாய்டு வால்வும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வாங்கிவரச் சொல்லி, காற்றுக் குழாயை இரண்டாகப் பிரித்தார்: ஒன்று எப்போதும் மெல்லிய காற்றை விடும், மற்றொன்று வெட்டு லேயரின் கட்டளை வந்தால் மட்டும் திறக்கும். பொருள்களின் விலை மொத்தமாக இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அன்று மாலை நான்கு லேயர் கோப்பைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். கடைசிப் பெயர் முடிந்தது, மெல்லிய கோடு முடிந்தது, தலை துளையை நோக்கி நகர்ந்தது. உள்ளே 'டக்' என்று ஓர் ஒலி, உடனே காற்றின் இரைச்சல் உயர்ந்தது. நான் எதையும் தொடவில்லை. துண்டுகளை எடுத்துப் பார்த்தபோது எழுத்தைச் சுற்றி மரம் தன் இயல்பான வெளிர்நிறத்திலேயே இருந்தது. மகிழ்ச்சியோடு கூடவே மூன்றரை ஆண்டுகளை நினைத்து மனம் கசந்தது.

விற்றவரை அழைத்துக் கேட்டேன். யாரும் கேட்பதில்லை, அதனால் இணைப்பதில்லை என்றார். லேயர்களைப் பற்றி அறியாத ஒருவர், இல்லாத இணைப்பைப் பற்றி எப்படிக் கேட்பார்?

நியாயமாகச் சொன்னால், இயந்திரத்தின் உடல் உறுதியானது. தண்டவாளங்களும் பெல்ட்டும் இன்றுவரை தொல்லை தந்ததில்லை. டியூப் தன் ஆயுள் முடிந்துதான் போயிற்று. இன்றைய நிலையில் இதைவிட நல்ல வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் நண்பரிடம் இந்த மாடலை வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேறு எதைப் பார்த்தாலும், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் சனிக்கிழமை போகிறார். ஒரு சிறு சதுரமும் அதற்குள் ஒரு எழுத்தும் கொண்ட கோப்பைப் பென் டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். எழுத்துக்குக் காற்று அணைப்பு, சதுரத்துக்குக் காற்றுத் திறப்பு. எழுத்து முடிந்து சதுரம் தொடங்கும்போது காற்றின் ஒலி மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்.