கூட்ட அறைக்கு எந்தக் கேமரா? யூஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ, எஸ்டிஐ, லேன்: ஓர் ஒப்பீடு

வீடியோ கான்பரன்சுக்குக் கேமரா வாங்க முனையும் கல்லூரிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் 1080பி போதுமா, 4கே வேண்டுமா என்ற கேள்வியிலேயே தொடங்குகின்றன. எதிர்முனையில் இருப்பவர் தெளிவான முகத்தைப் பார்ப்பாரா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு அளவுகள். பேசுபவர் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது ஒன்று. கேமராவிலிருந்து கணினி வரை கேபிள் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் டேப் பிடித்து அளந்த பிறகு கடைக்குப் போகிறவர்கள் ஏமாறுவது குறைவு.

சிறிய அறைக்கு நீண்ட யோசனை தேவையில்லை. ஒருவரோ இருவரோ மேசைக்கு முன்னால் அமர்ந்து பேசும் இடத்தில் 1080பி யூஎஸ்பி வெப்கேமராவே நிறைவாக வேலை செய்யும். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களில் நோயாளி வெளியூர் மருத்துவரோடு திரைவழியே பேசுகிறார். வழக்கறிஞர் தம் அலுவலகத்திலிருந்தே காணொளி வழியாக வழக்கு விசாரணையில் கலந்துகொள்கிறார். இத்தகைய ஆளுக்கு ஆள் உரையாடலில் முகம் மூன்றடிக்குள் இருப்பதால் விலை கூடிய லென்ஸ் எதையும் கூட்டித் தருவதில்லை. அந்தப் பணத்தை நல்ல மைக்குக்கும் முகத்தில் விழும் விளக்குக்கும் செலவிடலாம்.

சிக்கல் பெரிய கூடத்தில்தான் தொடங்குகிறது. மதுரைச் சுற்றுவட்டாரக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கக் கூடத்தை எண்ணிப் பாருங்கள். பின்சுவரில் கேமரா, மேடையில் பேச்சாளர், இடையே 15 மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 அடி. 72 டிகிரி அகலம் பார்க்கும் சாதாரண லென்ஸ் அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 22 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கிறது. 1080பி படத்தின் அகலத்தில் உள்ள 1920 பிக்சல்களை அந்தக் காட்சி அகலத்துக்குப் பங்கிட்டால், 15 செ.மீ. அகலமுள்ள ஒரு முகத்துக்குக் கிடைப்பது 13 பிக்சல் மட்டுமே. அதே இடத்தில் 4கே வெப்கேமராவை மாட்டினால் 26. மாறாக, 12 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே காட்சியை நெருக்கிக் காட்டுவது) கொண்ட பிடிஇசட் கேமரா, அதாவது கட்டளைக்கேற்பத் திரும்பவும் நெருக்கவும் கூடிய கேமரா, தன் பார்வையை 7 டிகிரிக்குச் சுருக்கும்போது, வெறும் 1080பி-யிலேயே அந்த முகத்துக்கு 150 பிக்சலுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. பெரிய அறைக்கு 4கே என்ற எண்ணைவிட ஆப்டிகல் ஜூம் என்ற சொல் ஏன் முக்கியம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். டிஜிட்டல் ஜூம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது இருக்கும் பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுகிறதே தவிரப் புதிய விவரம் எதையும் தருவதில்லை. மேலும், ஜூம் (Zoom) என்ற காணொளிக் கூட்டச் செயலியில் 1080பி அனுப்பவே நொடிக்கு 3.8 மெகாபிட் அப்லோட் வேகம் பரிந்துரைக்கப்படுகிறது. பலர் கூடும் கூட்டங்களில் படம் பெரும்பாலும் 720பி-க்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடுகிறது.

இனி இணைப்பு. யூஎஸ்பியின் பெரிய வசதி, யூவிசி என்ற பொதுத் தரத்தால் டிரைவர் எதுவும் போடாமலே கணினி கேமராவை அடையாளம் கண்டுகொள்வது. அதன் குறை நீளம். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் செல்லாது, யூஎஸ்பி 3.0-இல் 3 மீட்டரே நம்பகமான எல்லை. சுருக்கப்படாத 1080பி படம், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம், ஏறத்தாழ 1 கிகாபிட் அளவு கேட்கும். யூஎஸ்பி 2.0-இன் உச்ச வேகமே 480 மெகாபிட் என்பதால் கேமரா படத்தைச் சுருக்கித்தான் அனுப்பியாக வேண்டும். '4கே' என்று விற்கப்படும் கேமராவில் யூஎஸ்பி 2.0 வாய் மட்டுமே இருந்தால் அதன் பொருள் என்ன என்று கடைக்காரரிடம் கேட்பது தவறில்லை.

ஹெச்டிஎம்ஐ பலரைக் குழப்பும் இடம். லேப்டாப்பில் உள்ள ஹெச்டிஎம்ஐ வாய் படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே. கேமராவை அதில் செருகினால் ஒன்றும் வராது. வரும் படத்தைக் கணினி ஏற்கும் வடிவுக்கு மாற்றும் கேப்சர் கார்டு இடையில் வேண்டும். திருமணப் படப்பிடிப்புக்கு வைத்திருக்கும் நல்ல கேமராவைக் கூட்டத்துக்கும் பயன்படுத்த விரும்புவோருக்கு இந்த வழி பொருந்தும். ஆனால் அந்தக் கேமரா, பேட்டரி அளவு முதலிய எழுத்துகள் இல்லாத வெறும் படத்தை ஹெச்டிஎம்ஐ வழியாகத் தருகிறதா என்பதையும், சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறதா என்பதையும் முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும். சாதாரணச் செம்புக் கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். ஒளியிழை கொண்ட ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் அதற்கு மாற்று. ஆனால் அதில் அனுப்பும் முனை வேறு, பெறும் முனை வேறு; திசை மாற்றிச் செருகினால் படம் வராது.

பெரிய கூடத்துக்கு என் தேர்வு, தொலைக்காட்சி நிலையங்களில் பயன்படும் எஸ்டிஐ இணைப்பு. அதன் 3ஜி-எஸ்டிஐ என்ற வகை, 1080பி 60 ஃபிரேம் படத்தை, நல்ல ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிளில், சுருக்காமல் 100 மீட்டர் அளவுக்குக் கொண்டுசெல்கிறது. தாமதம் கண்ணுக்குத் தெரியாது. பிஎன்சி முனை திருகிப் பூட்டிக்கொள்வதால் யாராவது கால் தட்டினாலும் கழன்று விழாது. கேபிள் டிவிக்காரர்கள் பழகிய கேபிள் வகை என்பதால் முனை போட ஆள் கிடைப்பதும் எளிது. இங்கும் கேப்சர் கார்டு செலவு உண்டு. மின்சாரத்துக்கும் கேமராவைத் திருப்பும் கட்டளைக்கும் தனித்தனி வயர் ஓட்ட வேண்டும் என்பது அதன் உண்மையான குறை.

அந்தக் குறையைத் தீர்ப்பது லேன் இணைப்பு. ஒரே கேட்-6 நெட்வொர்க் கேபிளில் படம், கட்டளை, பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் முறை) வழியாக மின்சாரம் மூன்றும் 100 மீட்டர் வரை செல்கின்றன. நெட்வொர்க் வழியே வீடியோ அனுப்பும் என்டிஐ வகைக் கேமரா என்றால் தாமதம் மிகக் குறைவு. ஆனால் முழுத்தரத்தில் அது 100 மெகாபிட்டுக்கு மேல் கேட்பதால் கிகாபிட் ஸ்விட்ச் கட்டாயம். அலுவலகம் முழுவதும் பயன்படுத்தும் நெட்வொர்க்கோடு இதைக் கலக்காமல் தனி ஸ்விட்சில் வைப்பதே நல்லது. ஏற்கெனவே மாட்டியிருக்கும் சிசிடிவி கேமராவைக் கூட்டத்துக்கும் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வரும் படத்தை வெப்கேமரா போலக் காட்டும், ஓபிஎஸ் மென்பொருளின் விர்ச்சுவல் கேமரா வழியாக அது முடியும். ஆனால் சிசிடிவி கேமராக்கள் ஆர்டிஎஸ்பி என்ற முறையில் அனுப்பும் படம் பல நேரங்களில் ஒலிக்குப் பின்தங்கியே வரும். உதடு அசைவும் சொல்லும் பொருந்தாத உரையாடல் கேட்பவரைச் சோர்வடையச் செய்துவிடும். அதனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த இணைப்பானாலும் நம் ஊர்க் கூடங்களுக்கென்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஃபிளிக்கர் அமைப்பை 50-இல் வைக்காவிட்டால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டைகள் ஓடும். மேடைக்குப் பின்னால் சன்னல் இருந்தால் வெயில் நேரத்தில் முகம் கருத்துவிடும். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி ஓரளவே உதவும், திரைச்சீலை அதைவிட உதவும். கேமராவும் கணினியும் வெவ்வேறு மின்சுற்றில் இருந்து எர்த்திங் சரியில்லாமல் போனால் நீண்ட செம்புக் கேபிள் வழியாக இணைப்பு வாய்கள் எரியும் ஆபத்து உண்டு. ஐப்பசி இடிமழைக் காலத்தில் இது கூடும் என்பதால் இரண்டையும் ஒரே யுபிஎஸ்-இல் இணைத்து, எர்த்திங்கை எலெக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கேபிள் நீளத்தை நேர்கோட்டில் கணக்கிடவும் கூடாது. மேற்சொன்ன கூடத்தில் நேர்த்தூரம் 15 மீட்டர்தான். சுவரேறி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடி, மறுபக்கம் இறங்கி மேசைக்கு வரும்போது அது 25 மீட்டராகிவிடும். யூஎஸ்பியும் செம்பு ஹெச்டிஎம்ஐயும் அங்கேயே போட்டியிலிருந்து விலகிவிடுகின்றன. புதிதாகக் கட்டும் கூடமானால் பூச்சு வேலைக்கு முன்பே ஒன்றரை அங்குலப் பைப் பதித்து, அதில் ஓர் ஆர்ஜி-6, இரண்டு கேட்-6, பின்னால் வேறு கேபிள் இழுக்க ஒரு நைலான் கயிறு ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். எஸ்டிஐ, லேன் இரண்டும் உள்ள பிடிஇசட் கேமராவாக வாங்கினால் எந்த வழியையும் பின்னர் மாற்றிக்கொள்ள முடியும்.