போர்டு நன்றாகத்தான் இருந்தது, 1,300 ரூபாய்தான் போனது

அட்மேகா8 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் புரோகிராம் ஏற்ற, யுஎஸ்பிஏஎஸ்பி என்ற சின்ன யுஎஸ்பி போர்டு ஒன்றை வாங்கினேன். உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, புரோகிராமை ஏற்றும் ஏவிஆர்டியூட் மென்பொருளை ஓட்டினால், சாதனத்தைக் காணவில்லை என்றது. விற்ற கடைக்கு போன் போட்டேன். "லினக்ஸா சார்? அதுக்குத் தனியா செட்டப் பண்ணணும், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள்.

பையன் 800 ரூபாயை முதலில் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே என் திரைக்குள் வந்தான். பாஸ்வேர்டு கேட்டான், நானும் சொன்னேன் (திட்டுவதென்றால் இதற்குத் திட்டுங்கள்). பத்தே நிமிடத்தில் புரோகிராம் ஏறிவிட்டது.

மறுநாள் கேபிளைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அதே பிழை! இன்னொரு 500. அதுவும் அடுத்த முறை கழற்றும் வரைதான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் பட்டியலில் 'வான் ஓயன்' என்று ஏதோ டச்சுப் பெயர் வருவதைக் காட்டி, "இது டூப்ளிகேட் போர்டு சார், ஒரிஜினல் என்கிட்ட இருக்கு" என்றான். அப்போதுதான் பொறி தட்டியது. தங்கள் கடைச் சரக்கையே போலி என்கிறானே!

அந்தப் பெயர் ஒரிஜினல் யுஎஸ்பிஏஎஸ்பியிலும் வரும். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த திறந்த வன்பொருள் அது, வரைபடத்தைப் பார்த்து யாரும் செய்யலாம். பலரும் பொதுவில் பயன்படுத்தும் ஒரு யுஎஸ்பி அடையாள எண்ணில் ஓடுகிறது, அந்த எண் அந்த டச்சு நிறுவனத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. பட்டியலில் வருகிறது என்றாலே போர்டு லேப்டாப்போடு பேசுகிறது என்றுதான் பொருள்.

டெர்மினலில் அடித்த பழைய கட்டளைகளின் ஹிஸ்டரியைப் பார்த்தேன். பிழையைச் சரிசெய்யப் பையன் செய்தது ஒரே வேலை: யுஎஸ்பி சாதனங்கள் இருக்கும் கோப்புறை முழுவதற்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போட்டிருந்தான். ஆனால் ஒவ்வொரு முறை செருகும்போதும் லினக்ஸின் மையமான கெர்னல் அந்தச் சாதனத்துக்குப் புதிய கோப்பு உண்டாக்கும். 007 என்று இருந்த கோப்பின் பெயர் 008 ஆகும், எழுதும் அனுமதியும் பழையபடி ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) மட்டும் என்றாகிவிடும். கழற்றினால் போய்விடும் ரிப்பேர், திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர். நல்ல தொழில்!

பிழைச் செய்தியையும் நான் சரியாகப் படிக்கவில்லை. 'காணவில்லை' என்ற கடைசி வரிக்கு மேலேயே 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இருந்தது. கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டு, ரூட் அதிகாரத்தில் ஓட்டினால் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் சிக்கல் அனுமதியில்தான். அதற்காக எப்போதும் சூடோவிலேயே ஓட்டாதீர்கள். பையன் ஒருமுறை புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளை அப்படித் திறந்து சேமித்ததில் என் ஸ்கெட்ச் (புரோகிராம்) கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன.

செய்ய வேண்டியது, செருகும் சாதனங்களுக்கு அனுமதி தரும் யூடெவ் என்ற நிரலின் விதிகள் கோப்புறையில் ஒரு வரி. எல்எஸ்யுஎஸ்பி காட்டும் இரண்டு நாலெழுத்து எண்களையும் குறிப்பிட்டு, பயனர் குழு பிளக்டெவ், அனுமதி 0660 (ரூட்டும் அந்தக் குழுவும் மட்டும் படிக்க, எழுத) என்று எழுதி, யூடெவ் விதிகளை மறுபடி ஏற்றி, போர்டைக் கழற்றிச் செருகினால் போதும். அந்தக் குழுவில் நீங்கள் இல்லையென்றால் சேர்ந்துவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். டயலவுட் குழுவில் சேரச் சொல்வார்கள். அது சீரியல் போர்ட்டுக்கு, இதற்கு உதவாது.

கடையில் பணத்தைக் கேட்டேன். "அவன் எங்க ஆளே இல்லை சார்" என்றார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.